கட்டணம் போக மீதி

ஆரம்பாக்கம் தாண்டினால்
கடைப் பலகைகளில் எழுத்து உருண்டையாகிவிடும்.
தடாவில் இறங்கி, மருந்துக்கடை மாடியில்
கோட்டீஸ்வர ராவின் ஆபீஸ்.
பெயரைப் பார்த்தே நம்பிவிட்டேன் என்று
இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறான் என் புருஷன்.

ஐந்து கடன்.
இரண்டு குழுவில். ஒன்று வண்டிக்கு.
ஒன்று செல்போனுக்குள்ளேயே வந்து
செல்போனுக்குள்ளேயே மிரட்டுவது.
ஐந்தாவது எதற்கு வாங்கினேன் என்பது
மற்ற நாலுக்கும் தெரியும்.

"இனிமே உங்கள யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா,
நான் பேசிக்கிறேன்" என்றார் ராவ்.
மாதம் நாலாயிரத்து ஐநூறு,
அதில் ஆயிரத்து ஐநூறு அவருக்கு.
பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தால்
மறுநாளே போன் போட்டு "தக்கிந்தா?" என்பார்.
அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் என்று
அப்போது தோன்றவில்லை.
தோன்றியிருந்தாலும் கொடுத்திருப்பேன்.
யாரோ ஒருவர் ஒரு முனையைத் தூக்குகிறார் என்பதே
ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால்
என்னைத் தூங்கவிட்டது.

பழவேற்காடு ஏரிக்குள்
இது எங்கள் தண்ணீர் அது உங்கள் தண்ணீர் என்று
மீன்காரர்களுக்குள் வாய்ச்சண்டை வரும்.
கோடு எங்கே என்றால் துடுப்பை நீட்டிக் காட்டுவார்கள்.
படகு ஆடும். துடுப்பும் ஆடும்.
என் பணமும் பதினொரு மாதம் அப்படித்தான் போனது,
எதுவரை கடன், எங்கிருந்து ராவ் என்று தெரியாமல்.

பொன்னேரி கோர்ட்டில்
சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி இலவச சட்ட உதவி அறை.
கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொல்லித்தான் போனேன்.
இலவசம் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.
விலை சொல்லாதவனிடம்தான்
அதிகம் கொடுத்திருக்கிறேன் இதுவரை.
"ஃபீஸ் எவ்வளவு மேடம்" என்று மூன்று தரம் கேட்டேன்.
மூன்றாம் தரம் ஹெப்சிபா சிரித்துவிட்டாள்.

கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினாள்.
கட்டியது நாற்பத்தொன்பதாயிரத்து ஐநூறு.
கடனுக்குப் போனது இருபத்து நாலாயிரம்.
முதல் மூன்று மாதம் மொத்தமும் பதிவுச் செலவு.
ஏமாற்று என்று சொல்ல முடியாது,
நான் கையெழுத்துப் போட்ட தாளில்
ஏழாம் பக்கத்தில் தெலுங்கில் இருக்கிறது.
எனக்குப் பேசத் தெரியும்.
வாசிக்கத் தெரியாது.

ஜெராக்ஸுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.
எதிர்க்கடைக்குப் போய்வந்து
மீதி என்று ஆறு ரூபாய் நீட்டினாள்.
இந்தக் கடன் தொடங்கிய நாளிலிருந்து
என் கைக்குத் திரும்பி வந்த முதல் காசு.
நாணயங்கள் சூடாக இருந்தன, அவ்வளவு வெயில்.

பேங்கில் ஒரு கடிதம்,
தானாகப் பிடிப்பதை நிறுத்தச் சொல்லி.
அது சுலபம்.
ராவிடம் சொல்வதற்கு நாலு நாள் ஆனது.
"சும்மா செய்யிறவங்க பாதியில விட்டுடுவாங்கம்மா" என்றார்.
"நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?"
பிறகு, வழக்கம்போல, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று.
சிக்னல் போன மாதிரி
ஹலோ ஹலோ என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஹெப்சிபா கடிதம்தான் எழுதித் தருவாள்.
கூப்பிட்டால் பேசவேண்டியது நான்.
இரண்டு பேர் அபராத வட்டியைத் தள்ளினார்கள்.
ஒருத்தர் முடியாது என்றார்.
குழுக்கடன்காரன் செவ்வாய்க்கிழமை
இன்னும் வாசலில் செருப்போடு நிற்கிறான்.
முப்பத்தொரு மாதம் பாக்கி.
"யாரும்மா பேசுறது?"
"முனிலட்சுமி. நான்தான் வாங்கினது."
இதைச் சொல்ல முதலில் நாக்கு புரளவில்லை.

போன வாரம் தடா நம்பரிலிருந்து
ஒரு ரிங் வந்தது. எடுக்கவில்லை.
பாப்பாவுக்கு அன்றைக்கு
நிஜமாகவே காய்ச்சல்.